மங்களம் பாடாத நாடகம்

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினாள் என் மகள் வள்ளி. உள்ளேயிருந்து எதையோ இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "என்னம்மா இது, செத்த எலியா?" என்று முகத்தைச் சுளித்தாள். என் நரி வால்! பழைய கம்பளியைக் கிழித்து, உள்ளே தேங்காய் நாரைத் திணித்து, நீ தைத்துக் கொடுத்த வாலடி அது. பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. மோந்து பார்த்தேன். அன்றைக்கு நாடகத்துக்கு நாம் முகத்தில் அப்பிக்கொண்ட முத்துவெள்ளையும் தேங்காயெண்ணெயும் அந்துருண்டை நெடியை மீறி இன்னும் மணந்தன. "குப்பையில போட்ரட்டுமா?" என்றாள். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்துவிட்டது எனக்கு. அவள் என்ன செய்வாள், பாவம். நீயும் போய்விட்டாய், நான் வேறு யார்மேல் எரிந்து விழுவது?

நினைவிருக்கிறதா? ராஜா ஆட்சி முடிந்து, சமஸ்தானம் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். வாசகசாலையிலிருந்து அட்டை கிழிந்த சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றை நீதான் நம் மாதர் சங்கத்துக்குக் கொண்டுவந்தாய். காணாமல் போன குட்டியைத் தாயாடு காடெல்லாம் தேடிப்போகும் கதை. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டத்தான் என்று நான் நினைத்தேன். "இதப் பாட்டு நாடகமாப் போடுவோம்டி" என்றாய்.

"பொம்பளைக மேடையேறுறதா? வெட்டிப் போட்ருவாங்கடி நம்ம வீட்டு ஆம்பளைக."

"பகல்ல போடுவோம். பொம்பளைகளும் பிள்ளைகளும் பாக்கட்டும். ஆட்டு வேசம் கட்டுனவள, அதுவும் பொரட்டாசி மாசத்துல, எவன்டி வெட்டுவான்?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அப்படித்தான் திருக்கோகர்ணத்துப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் ஒரு மத்தியானம் நம் நாடகம் அரங்கேறியது. நீ தாயாடு. உன் மகன் துரை குட்டி. நான் நரி. தபாலாபீஸ்காரர் வீட்டம்மா ஆர்மோனியம். பாட்டெல்லாம் உன்னுடையது.

கருவேலங் காட்டுக்குள்ள
காணாமப் போன கண்ணே,
ஒருகுரல் குடுத்தியின்னா
ஓடிவந்து அள்ளுவேனே...

நீ பாடும்போது நான் புதருக்குள் ஒளிந்துகொண்டு குட்டியின் குரலில், "ஆத்தா, இங்கிட்டு இருக்கேன்" என்று ஏமாற்ற வேண்டும். நீ கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, "போடி, நீ நரி" என்பாய். கொட்டகையே குலுங்கும். கடைசியில் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் துரை நிஜக் குரல் கொடுத்து மேடைக்கு ஓடிவர வேண்டும். அன்றைக்கு அந்தப் பயல் யாரோ கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டான். நீ கூப்பிட்டாய், வரவில்லை. மறுபடி கூப்பிட்டாய். பாட்டு தீர்ந்துபோய் அந்த இடத்திலேயே புதிது புதிதாகக் கட்டிப் பாடினாய். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் வாய் நிறைய முறுக்கோடு, "ஆத்தா, இங்கிட்டு இருக்கேன்!" என்று ஓடிவந்தான். அப்படி ஒரு கைத்தட்டலை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்தக் கைத்தட்டல்தானடி நம்மைக் கெடுத்தது. வல்லத்திராக்கோட்டைக்காரர்கள் தங்கள் ஊரிலும் போடச் சொல்லி வெற்றிலை பாக்கு வைத்தார்கள். நீ துரையைத் தினமும் பழக்க ஆரம்பித்தாய். "கூப்பிட்டதும் வந்துராதடா. தலைய நல்லாக் குனிஞ்சுக்க. ஆத்தாவ நல்லாக் கூப்பிட விட்டு, அப்புறமா வா." அவனுக்கு அது பிடித்த விளையாட்டாகிவிட்டது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பான். நீ கூப்பிடக் கூப்பிட அவன் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கும்.

அந்த நேரம் பார்த்து, பினாங்குக்குப் பிழைக்கப் போயிருந்த உன் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். பையனை அங்கே கொண்டுபோய் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறேன் என்றார். நீ சோறு தண்ணியில்லாமல் கிடந்தாய். உன் அண்ணன்தான் நடுவில் நின்று பேசினார். "இந்தா பாரு ஆத்தா, பையன் சிரிச்சுக்கிட்டுப் போனா விட்று. பஸ்ஸுல ஏறி ஒருதரம் ஒன்னத் தேடி அழுதான்னா நானே எறக்கிக் கூட்டியாந்துர்றேன். மாப்பிள்ளையும் சரின்னுட்டாரு." நீயும் தலையாட்டினாய். அழாமல் இருப்பானா, உன் முந்தானையை விடாத பிள்ளை!

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வந்திருந்தேன். வண்டி உறுமத் தொடங்கியதும் நீ ஜன்னலுக்குக் கீழே போய், "துரை, ஏ துரை" என்று கூப்பிட்டாய். ஜன்னலில் தெரிந்த தலை சட்டென்று கீழே போயிற்று. நீ இன்னும் உரக்கக் கூப்பிட்டாய். எக்கி நின்ற எனக்குத்தான் உள்ளே தெரிந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, குனிந்து உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான் பிள்ளை. "அடேய், இது நாடகமில்லடா!" என்று கத்தினேன். வண்டி நகர்ந்துவிட்டது. உன் அண்ணன், "சிரிச்சுக்கிட்டுத்தானே போறான், விடு" என்றார்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறியதாகக் கடிதம் வந்தது. கொஞ்ச காலம் மணியார்டர் வந்தது. பிறகு அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்ற சேதி வந்தது. பிறகு எதுவுமே வரவில்லை. அதையெல்லாம் நீ என்னிடம் பேசியதில்லை. "நாந்தான்டி பழக்கி விட்டேன்" என்பதை மட்டும் உலை வைக்கும்போதும் சொல்வாய், கோலம் போடும்போதும் சொல்வாய்.

துரை போன மறுமாதமே வல்லத்திராக்கோட்டை நாடகம். வேண்டாம் என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "வெத்தல வாங்கிட்டோம், வாரேன்" என்றாய். குட்டி வேஷம் வள்ளிக்கு. நீ கூப்பிட்டாய். வள்ளி சரியான இடத்தில் குரல் கொடுத்து, ஓடிவந்து உன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நீ அவளைக் குனிந்தே பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், ரோட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். முதலில் ஜனம் சிரித்தது. அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆர்மோனியம் நின்றுவிட்டது. வள்ளி பயந்து அழ ஆரம்பித்தாள்.

நான் நரி வாலோடு ஓடிவந்து உன் கையைப் பிடித்து, "மங்களம் பாடி முடிச்சிருடி" என்றேன். எந்த நாடகமானாலும் மங்களம் பாடித்தான் படுதாவை இறக்க வேண்டும், பாதியில் விட்டால் ஊருக்கே ஆகாது என்பார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"குட்டி இன்னும் வரலையேடி. எப்படிப் பாடுறது?"

பாடவில்லை. அத்தோடு நம்மை எந்த ஊரும் கூப்பிடவில்லை. அந்த வருஷம் கண்மாய் நிறையாததற்குக்கூட உன்னைச் சொன்னார்கள், நாசமாய்ப் போகிறவர்கள்.

போன மாசியில் நீ காய்ச்சலில் கிடந்தபோது, வெயில் சாயும் நேரம், உன் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கண்ணைத் திறக்காமலே பாட ஆரம்பித்தாய். குரல் நூலாக வந்தது. கருவேலங் காட்டுக்குள்ள... பாடி முடித்துக் காதைக் கொடுத்துக் காத்திருந்தாய். மறுபடி முதலிலிருந்து பாடினாய். எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்? உன் காதோரம் குனிந்து, துரையின் குரலைப் பிடித்து, "ஆத்தா, இங்கிட்டு இருக்கேன்" என்றேன்.

நீ கண்ணைத் திறந்தாய். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய்.

"போடி" என்றாய். "நீ நரி."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

வாலை மறுபடி பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் போன பிறகு வள்ளி எறிந்துகொள்ளட்டும். மங்களம் முழுதும் எனக்கு மனப்பாடம். நாலே வரி. பூஜை அறையில் விளக்கேற்றும்போது நாக்கு நுனிவரை வருகிறது, வாயை மூடிக்கொண்டுவிடுகிறேன். டவுனுக்குப் போனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகாமல் சுற்றுவழியாகத்தான் போகிறேன். என்றைக்காவது அந்தப் பக்கம் போக நேர்ந்து, எந்த ஜன்னலிலாவது ஒரு பிள்ளை தலையைக் குனிந்தால், "எந்திரிச்சுப் பாருடா, ஆத்தா கூப்புடுறா" என்று கத்திவிடுகிறேன். ஜனங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.