ரிவர்ஸ் விளக்கு எரிந்த சாயங்காலம்

நேற்று மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நம் சந்து முனையில் ஒருவர் காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் கறுத்த எண்ணெய். கடந்து போக இருந்தவன் நின்றுவிட்டேன். கியர் எண்ணெயின் வாடை வேறு எந்த எண்ணெய்க்கும் வராது. கந்தகமும் கருகிய வெங்காயமும் கலந்ததுபோல மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது உம்முடைய கைகளின் வாடை.

வீட்டுக்கு வந்ததும் உமக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. ஆனாலும் இன்று எழுதுகிறேன்.

நாம் இருவரும் திருநெல்வேலிக்காரர்கள். நான் வேலைக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவன். நீரோ இங்கே மெட்டுகுடாவிலேயே பிறந்தவர். ரயில்வேயில் வேலை பார்த்த உம்முடைய தாத்தா பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவந்த தமிழை உங்கள் வீட்டில் அப்படியே வைத்திருந்தீர்கள். நடுநடுவே ஆமாவுக்கு ஒரு ‘ஹவ்’, வேண்டாமுக்கு ஒரு ‘நக்கோ’. முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் நீர் என்னைப் பார்த்து, “என்ன வே, நம்ம ஊரு மாதிரி இருக்கீரு” என்று கேட்டபோது நான் எழுந்து உம் பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்தேன். இந்த ஊரில் என்னை ‘வே’ போட்டுக் கூப்பிட ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் நமக்கு ஒரே பிரிவு, அடுத்தடுத்த மேசை. செய்து முடித்த பாகங்களைச் சோதித்து அனுப்புகிற வேலை. உம்முடைய கண்ணைத் தாண்டி ஒரு கீறல் வெளியே போனதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு துண்டைச் சாய்த்துப் பிடித்து, எங்களில் யாருக்கும் தெரியாத மயிரிழை வெடிப்பைச் சுண்ணாம்புக் கட்டியால் சுற்றிக் காட்டுவீர். நான் வரைபடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால், “கையில இருக்கறதப் பாக்காம காகிதத்துல என்ன வே தேடுதீரு?” என்பீர்.

உம்முடைய அப்பா விட்டுப்போன அந்தப் பழைய சாம்பல் நிறக் கார் உமக்கு வண்டி மட்டுமல்ல, குடும்பத்தில் ஓர் ஆள். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோவிலுக்கு அதில்தான் போவீர்கள். முன்னால் எஸ்தர் மதினி, பின்னால் உம்முடைய இரண்டு பெண்கள். சந்து குறுகல் என்பதால் வண்டியைப் பின்னோக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். வருஷக்கணக்காக ஒரு கையால் அதைச் செய்துவந்தவர் நீர். ஒரு வருஷம் திடீரென்று இடிக்க ஆரம்பித்தீர். முதலில் எதிர் வீட்டுப் பூந்தொட்டிகள். பிறகு சந்து முனையிலிருந்த சிமெண்டுத் தொட்டி. அப்புறம் ரேஷன் கடையின் கதவு.

“ரிவர்ஸ் லைட்டு வரல வே, பின்னால ஒண்ணும் தெரியமாட்டேங்கு” என்றீர். பகலில் இடித்ததற்கும் அதையே சொன்னீர். நான் அப்போது அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. பல்பை மாற்றினீர், அப்போதும் எரியவில்லை என்றீர். அப்படியானால் கோளாறு கியர் பெட்டியில் இருக்கிற சுவிட்சில்தான் என்று தீர்மானித்தீர். கியரைப் பின்பக்கம் போட்டதும் உள்ளே ஒரு தண்டு நகர்ந்து சுவிட்சின் குமிழை அழுத்தும்; குமிழ் அழுந்தினால் விளக்கு எரியும். குமிழ் தேய்ந்துபோயிருக்கும் என்றீர். மறுநாளே ராணிகஞ்ச் கடைத்தெருவுக்குப் போய்ப் புது சுவிட்ச் ஒன்றை வாங்கிவந்து, பஸ்ஸில் அதை எனக்குக் காட்டினீர். கட்டைவிரல் அளவு பித்தளை. அதை நீர் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சின்னச் சாமானுக்கு இத்தனை பத்திரமா என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டீர். நான் வந்தபோது வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டை அண்டக் கொடுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்திருந்தீர். சாக்கை விரித்துக்கொண்டு உள்ளே நுழைந்தீர். சுவிட்சிலிருந்து இரண்டு கம்பிகளையும் உருவி, ஒரு துண்டு ஒயரால் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தீர்.

“சாவியத் திருகிட்டுப் பின்னால போய்ப் பாரும். எரியுதா?”

“எரியுது.”

“அப்ப சுவிட்சுதான் வே கோளாறு. நான் சொன்னேம்லா.” காருக்கு அடியிலிருந்து உம்முடைய சிரிப்பு கேட்டது. அப்படி நீர் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஸ்பேனர் போட்டுப் பழைய சுவிட்சைக் கழற்றியதும் கியர் எண்ணெய் டப்பாவில் சொட்டியது, கொஞ்சம் உம்முடைய முழங்கை வழியாகவும் ஓடியது. புதியதற்குச் செம்பு வாஷரைப் போட்டு, முதலில் விரலாலேயே திருகினீர். மரை பிடித்த பிறகுதான் ஸ்பேனரைக் கேட்டீர். கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தீர். எண்ணெய் தெறிக்கும் என்று மூடியிருக்கிறீர் என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்தால், அந்த வேலைக்குக் கண் இருப்பதும் இல்லாததும் உமக்கு ஒன்றாகவே ஆகியிருந்தது.

வண்டியை இறக்கினோம். கையைத் துடைத்துக்கொண்டு நீர் பின்னால் போய் நின்றீர். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகி, கியரைப் பின்னுக்குத் தள்ளினேன்.

“போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“வரலையே வே.”

எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டேன். “இப்ப?”

“இல்ல. நல்லா அழுத்திப் போடும்.”

அழுத்திப் போட்டேன். “இல்ல வே. புது சுவிட்சும் போச்சு. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்” என்றீர். கம்பி ஏதாவது கழன்றிருக்கும் என்று நான் இறங்கிப் பின்னால் வந்தேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவர் நிழலில் அதன் வெளிச்சம் உம்முடைய வேட்டியில் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக விழுந்திருந்தது. நீர் குனிந்து அதை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

படியில் டீயோடு நின்ற எஸ்தர் மதினி சிரித்தாள். “எரியுதுல்லா? நான் இங்கன நின்னே பாக்கேன். அண்ணாச்சி, இவுக விளையாடுதாக.”

நீர் மதினியைப் பார்த்தீர். பிறகு என் பக்கம் திரும்பினீர். “எரியுதா வே?”

“எரியுது” என்றேன்.

நீர் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தீர். “ஹவ்... ஓரமாத் தெரியுது. நேராப் பாத்தாக் காணாமப் போயிருது” என்றீர். கையை நீட்டி விளக்கின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தீர். வெகுநேரம் எடுக்கவே இல்லை. கடைசியில், “சுடுது” என்றீர்.

மதினி டீத்தட்டைப் படியில் வைத்துவிட்டு இறங்கிவந்தாள். “எத்தன நாளா இப்படி?”

“போன மழையிலருந்து. மூக்குக் கண்ணாடிய மாத்துனாச் சரியாப் போகும்னு நெனச்சேன். அப்புறம் லைட்டு எரியாததுதான் காரணம்னு நெனச்சேன் எஸ்தர். இது சரியானா எல்லாம் சரியாயிரும்னு...” நான் போய்ச் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்தேன்.

அடுத்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பொறுமையானவர். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினார். உமக்கு நன்றாகப் புரிந்தது. ஆனாலும் வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து, “அவர் சொன்னத ஒருக்கா நம்ம தமிழ்ல சொல்லும்” என்றீர். கண்ணில் பழுதில்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு வாடிவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதும் குறையலாம் என்று சொன்னேன். “அத மாத்த முடியாதுன்னாரா?” “முடியாதுன்னார்.” நீர் தலையை ஆட்டினீர். பஸ் நிறுத்தம்வரை என் தோளில் கை வைத்து நடந்தீர். அன்றைக்குத்தான் முதல்முறையாக வைத்தீர்.

மதினி விடவில்லை. சென்னைக்குக் கூட்டிப்போனாள், அங்கேயும் அதே பதில். ஊசி, மாத்திரை, உபவாச ஜெபம், யாரோ சொன்ன மூலிகைச் சாறு. ஒவ்வொன்றின் முதல் சில நாட்களிலும் உமக்குக் கொஞ்சம் தெளிவாகத் தெரிவதுபோல இருக்கும். அதை நம்பி மதினி என் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லுவாள். பிறகு வரமாட்டாள்.

தொழிற்சாலையில் உம்மை வெளியே அனுப்பவில்லை. டெலிபோன் அறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். நீர் அங்கே போய் உட்கார்ந்தீர், குரலை வைத்து ஆட்களை அடையாளம் கண்டீர். ஆனால் மதியம் சாப்பிட நம் பிரிவின் பக்கம் வருவதை நிறுத்திவிட்டீர். நானே டப்பாவைத் தூக்கிக்கொண்டு உம்மிடம் வருவேன். சோதனைக்கு என்ன துண்டு வந்திருக்கிறது என்று நீர் கேட்டதே இல்லை.

காரை உம்முடைய மச்சினர் காஜிப்பேட்டைக்குக் கொண்டுபோக வந்தார். எல்லோரும் வாசலில் நின்றோம். அவர் பின்னோக்கி எடுத்தபோது உம்முடைய முகம் வண்டிச் சத்தத்தோடு சேர்ந்து திரும்பியது. “எரியுதா வே?” என்று மெல்லக் கேட்டீர். “எரியுது” என்றேன். சின்னவள், “டாடி, அந்தரு சூஸ்துன்னாரு, லோபலிக்கி பதா” என்று தெலுங்கில் சொல்லி உம்மை உள்ளே இழுத்தாள். ஊரே பார்க்கிறது என்று அவளுக்குக் கூச்சம். உமக்குக் கண்ணீர் வழிந்ததை அவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் நம்முடைய ஞாயிற்றுக்கிழமை நடை. ரயில்வே குவார்ட்டர்ஸ் தாண்டி, பாலத்தின் மேலே போய் நிற்போம். “என்ன தெரியுது, சொல்லும்” என்பீர். நான் சரியாகச் சொல்லமாட்டேன். கூட்ஸ் வண்டி வருகிறது என்பேன். “என்ன வண்டி? மூடுனதா, தெறந்ததா? என்ன கலரு?” சிவப்பு என்றால், “எந்தச் செவப்பு வே? செங்கல்லா, மிளகாய் வத்தலா?” என்று விடாமல் கேட்பீர். சோதனைப் பிரிவில் என்னைத் திட்டியதுபோலவே திட்டுவீர். நான் பார்க்கக் கற்றுக்கொண்டது அந்தப் பாலத்தில்தான். ஆனால் அதனால் உமக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது.

ஓரப் பார்வையும் போய், வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சிய பிறகு ஒருநாள் பாலத்தில் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். நீர் கையைத் தூக்கி நிறுத்தினீர்.

“நக்கோ வே. போதும்.”

“ஏன்?”

“நீரு சொல்லுதது எல்லாம் எனக்கு இப்பப் படமா வரமாட்டேங்கு. வெறும் வார்த்தையாக் கேக்கு.”

கீழே ரயில் போய் முடிந்ததும் நீர் என் தோளில் கை வைத்தீர், திரும்பி நடந்தோம். அதற்குப் பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தோம், ஆனால் நீர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் ஒரு காலை டெலிபோன் அறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தீராம். மதினி தண்ணீர் எடுத்துவருவதற்குள் முடிந்துவிட்டது. கல்லறையில் போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது நான் ஜெபத்தைக் கேட்கவில்லை. பெரியவள் கறுப்பு ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள், ஓரம் பழுப்பேறியிருக்கிறது. மதினியின் கையில் சாமந்தி, பாதி வாடியது. மண் ஈரமில்லை, செங்கல் சிவப்பு என்று மனசுக்குள் உமக்குச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

மதினி இப்போது பெரியவள் வீட்டில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்கு ஆறுதல் என்று ஒன்றும் வரவில்லை, வரும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. பஸ்ஸுக்கு நின்றாலும் காய்கறி வாங்கினாலும் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது. நீரே வேண்டாம் என்று நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. இன்று காலை மழை விட்டதும் வெளியே போனேன். வேப்ப மரத்தில் கொழுந்து விட்டிருந்தது. பச்சை என்று சொல்லிவிட்டு, எந்தப் பச்சை என்று நீர் கேட்பதற்காக நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.