ஆனை திரும்பிய பக்கம்

கண்ணு,

என்னிடம் வளரும் உன் மகள் அடம்பிடித்ததால்தான் துடியலூருக்கு சர்க்கஸ் பார்க்க வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. உங்கப்பாவை நம் தோட்டத்தில் காட்டானை அடித்துக் கொன்ற பிறகும் நீ ஆனைக்காரனாகப் போனாய். இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்றேன். சொன்ன சொல்லை நான் மாற்றுகிறவள் இல்லை.

உன் ஆனை மணியடித்து லிங்கத்துக்குப் பூப்போட்டதும் நம் ஊர்ச் சனம் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கும்பிட்டது. "உக்காருங்க, பின்னாடி மறைக்குதுங்க!" என்று சர்க்கஸ்காரர் மைக்கில் கத்தியும் யாரும் கேட்கவில்லை. போன வாரம் வெடி போட்டுக் காட்டானை விரட்டிய வெள்ளியங்கிரிகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் எழவில்லை.

ஆசீர்வாதம் பண்ண ஆனை எங்கள் பக்கம் வந்தது. உன் மகளை நான் வெடுக்கென்று இழுத்து முந்தானைக்குள் மறைத்ததை நீ பார்த்துவிட்டாய் போல. ஏதோ சொன்னாய். அது அப்படியே திரும்பி அந்தப் பக்கம் போய்விட்டது.

"அப்பா சொன்னாக் கேக்குதுங்க அப்பத்தா" என்றாள் உன் மகள்.

கூடாரம் பிரித்துப் போகிற வழியில் தோட்டத்துக்கு வா. தோட்டத்துக்கு வாசல் இல்லை. கரும்பு வெட்டி வைக்கிறேன். உனக்குக் கரும்பு பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா