ஒரு போத்தல் நல்லெண்ணெய்

அப்புத்தளை,
8.1.1955

அன்புள்ள திலகவதிக்கு,

நீரும் மாமியும் சுகமென்றே நம்பி எழுதுகிறேன். இங்கே தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பனிமூட்டம் யன்னலால் வந்து மருந்துப் போத்தல்களுக்கிடையே படுத்துக்கிடக்கிறது. நானும் கனவில் நடப்பவன்போலவே மருந்து கலக்குகிறேன்.

குளிருக்குப் பயந்து தினமும் சுடுதண்ணீரும் சவர்க்காரமுமாய்க் குளித்ததில் தோல் வெடித்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. இருமலுக்கு மருந்து வாங்க வந்த மாரியாயி என்ற கொழுந்து பறிக்கிறவள் சிரித்துவிட்டாள்.

"என்னங்கய்யா, தோட்டத்துக்கே மருந்து குடுக்கிறீங்க, ஒங்க மூஞ்சி இப்படி வெடிச்சுக் கெடக்கே! சவுக்காரத்த விட்டுட்டு எண்ணெய் தேச்சுக் குளிங்க."

அப்படியே செய்கிறேன். எண்ணெய் பூசிக் கண்ணை மூடினால் நம் கிணற்றடியில் வெயில் அடிக்கிறது. முகமும் கைகால்களும் தேறிவிட்டன.

கடை எண்ணெய் முடியப்போகிறது. நீர் மிளகு போட்டுக் காய்ச்சும் நல்லெண்ணெய் ஒரு போத்தல் அனுப்பும். இந்தக் கடிதத்தை வாங்கிப்போகத் தபால்காரன் வாசலில் நிற்கிறான். முதுகுக்குத்தான் என் கை எட்டவில்லை.

உமது,
இளையதம்பி