ரூபன் கேட்ட அலகுகள்

என் அன்புப் பெரியண்ணைக்கு,

நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. எழுதவேண்டும் என்று நினைத்த நாட்களிலெல்லாம், நல்ல செய்தி ஏதாவது வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். இப்போது எழுதவைத்தது நல்ல செய்தி அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு முன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். அதை நானே உங்களுக்குச் சொல்லவேண்டும்.

மத்தியானம் மூன்று மணியிருக்கும். உங்கள் சிநேகிதர் வந்தார். அவரை இங்கே ரூபன் என்று எழுதுகிறேன். யாரென்று உங்களுக்குத் தெரியும். லண்டன் ஓரத்துச் சட்டனிலிருந்து ஒரு பை அப்பிளோடு வந்து, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல் நேரே குசினிக்குள் வந்து அமர்ந்தார். உங்கள் செத்தவீட்டில் மண்டபம் பிடித்ததும், வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்த்ததும், அம்மாவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றியதும் அவர்தான். அவருக்கு இந்த வீட்டில் எதையும் இல்லை என்று சொல்வது கஷ்டம்.

"அம்மா, அண்ணையின்ர வில்லு என்னட்டைத்தான் கிடக்கு. அந்த அம்பு அலகுப் பெட்டி இஞ்சை இருக்கோ?"

"இருக்கு மோனை. கொண்டுபோனியெண்டால் எனக்கும் நிம்மதி. அலுமாரியைத் திறக்கவே பயமாக் கிடக்கு" என்றார் அம்மா.

"எங்கை கொண்டுபோகப் போறியள், ரூபண்ணை?" என்று கேட்டேன்.

"கனடாவுக்குத்தான். நவம்பரிலை உங்கட மச்சானோட வேட்டைக்கு. அலகெல்லாம் எனக்குத் தாறனெண்டு அண்ணை சொன்னவர்."

அப்படிச் சொன்னீர்களா, அண்ணை? சொல்லியிருக்கலாம். கேட்டவருக்கு இல்லையென்று நீங்கள் எப்போது சொன்னீர்கள்? ஆனால் ரூபனின் அகதி விசாக் கேஸ் இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருடைய கடிதங்களை வாசித்துச் சொல்வதும் நான்தானே. கையில் ஒரு பயணப் பத்திரமும் இல்லாத மனிதர் கனடாவுக்கு எப்படிப் போவார்? கனடா என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். உடனே கொடுக்க மனம் வரவில்லை. பழைய பேப்பரை விரித்து, அம்பின் நுனியில் மாட்டும் அந்த வெட்டு அலகுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

நாங்கள் இருவரும் இதே மேசையில் இருந்து அவற்றைத் தெரிவு செய்தது நினைவிருக்கிறதா? ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த உங்களுக்கு ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் வாசிக்க மட்டும் நான் வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும், வேட்டைச் சஞ்சிகைகளில் வரும் சோதனை முடிவுகளையும் நான் தமிழில் சொல்வேன், நீங்கள் தலையாட்டிக்கொண்டு கேட்பீர்கள். வாழ்நாளில் ஒரு அம்புகூட விடாத எனக்கு, எந்த அலகு எந்த வில்லுக்குப் பொருந்தும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. "இவள் புத்தகத்துக்குள்ளையே மான் அடிச்சுப்போடுவாள்" என்று மச்சானுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தீர்கள்.

ரூபன் உடனே ஒன்றைத் தூக்கினார். பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டதும் விரியும் வகை. "இது நல்லாயிருக்கு. பெரிய காயம் போடுமாம்."

"வில்லின்ர இழுவை எத்தனை இறாத்தல்?"

"அது ஆருக்குத் தெரியும்? இழுத்தால் நாரி, முதுகெல்லாம் பிடிக்குது. அது காணாதோ?"

"காணாது. விரியிறதுக்கே அம்பின்ர பலத்திலை கொஞ்சம் போயிடும். அண்ணையின்ர வில்லு அவ்வளவு பலமில்லை. எலும்பிலை பட்டால் உள்ளுக்குப் போகாது."

"அப்ப இது?" விரியாமல் நிலையாக நிற்கும் மூன்று அலகுகள் உள்ளதைத் தொட்டார்.

"அது சரி. ஆனால் பாரம் அம்போட ஒத்துவரவேணும். பயிற்சி முனை போற இடத்துக்கு இது போகாது. இதை மாட்டி விட்டுப் பழகவேணும். பழகின அலகைத் திரும்பத் தீட்டவேணும்."

"பிள்ளை, நீ என்ன எனக்குச் சோதினை வைக்கிறியோ?"

அவர் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன். அடுப்பருகே அம்மா தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு ரூபன் தானாகவே சொன்னார்.

"விரியிற அலகு சரியில்லைத்தான். அண்டைக்கு அண்ணை அடிச்சதும் இதாலைதானே. வயித்திலை பட்டிட்டு மான் ஓடினது. நான்தான் டோர்ச் பிடிச்சனான்."

எடுத்த அலகைத் திரும்பப் பேப்பரில் வைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் எனக்குச் சொன்ன கதை அது. கனடாவில், பனியில், ஒரு பெண்மான். அலகு சரியாக விரியவில்லை, மான் ஓடிவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னை விடவில்லை. எந்த அலகு ஏமாற்றாது, எது உடனே கொல்லும் என்று வாசிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அப்படித்தான் இந்த மூன்று அலகுப் பெட்டியை வாங்கினோம். உங்களுக்கு எவ்வளவு மென்மையான மனம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"கனடாவிலையோ?" என்று கேட்டேன்.

"கனடாவோ? இஞ்சை, எங்கட சட்டன் வீட்டுக்கு அங்காலை இருக்கிற காட்டுக்கை." சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெல்லக் கதை. இந்தக் கிழமையும் அங்கைதான். பின்னேரத்திலை நாலைஞ்சு வந்து மேயுது. ஒண்டைத்தான் எடுக்கப் போறன்."

நானும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். இங்கிலாந்தில் வில்லால் மானை அடிப்பது குற்றம். பிடிபட்டால் கேஸ் அதோடு முடிந்துவிடும். திருப்பி அனுப்பினால், சண்டை முடிந்த இந்த வருடம், இலங்கையில் யார் கையில் போய் இறங்குவார்? அவருடைய தாய் இன்னும் வவுனியா முகாமில் கம்பிக்குள் இருக்கிறார்.

"மானுக்கும் விசா இருக்கோ இஞ்சை?" என்றார். பிறகு சிரிப்பு இல்லாமல், "எட்டு மாதமா ஒரு கடிதம் வருமெண்டு இருக்கிறன். வீட்டிலை இருந்தால் விசர் பிடிக்குது. அந்தக் காட்டுக்கை நிக்கேக்கை மட்டும்தான் எனக்கு மூச்சு வருது. நீ தராட்டிப் பரவாயில்லை. பயிற்சி முனையோடையே போவன்."

இதுதான் என்னை இறுக்கிப் பிடித்தது, அண்ணை. பயிற்சி முனை கடதாசிப் பலகைக்கு உரியது, வெட்டாது. மான் துளையோடு ஓடிப் போய் எங்கேயோ கிடந்து சாகும். நல்ல அலகைக் கொடுத்தால் அந்தக் குற்றத்தில் நானும் ஒரு ஆள். கொடுக்காவிட்டால் அந்த மானின் வேதனையிலும் நான் ஒரு ஆள். எதைத் தெரிவு செய்வது? நீங்கள் இருந்திருந்தால் எதைத் தூக்கிக் கொடுத்திருப்பீர்கள்?

மேசையில் இருந்ததையெல்லாம் திரும்பப் பார்த்தேன். நாங்கள் வாசித்த ஒவ்வொரு கட்டுரையிலும் இருந்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. எந்த அலகாக இருந்தாலும், அடித்தபின் அரை மணித்தியாலம் அசையாமல் காத்திருக்கவேண்டும். பிறகு இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, கிடைக்கும்வரை போகவேண்டும். ஒளித்து அடிப்பவனால் காத்திருக்க முடியாது. அவனுக்கேற்ற அலகு இந்தப் பெட்டியில் இல்லை. எந்தக் கடையிலும் இல்லை.

நீங்கள் காத்திருந்தீர்களா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அது அம்மாவின் காதில் விழுந்தால் ரூபனைத் தடுக்கலாம் என்பதும் தெரிந்தது. அம்மாவின் மனத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, "ஒரு எறும்புக்கும் தீங்கு நினையாத பிள்ளை" என்று சொல்லித்தான் அழுவார்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"அண்டைக்கு அண்ணை அடிச்ச மானை என்ன செய்தனீங்கள், ரூபண்ணை? தேடிப் போனனீங்களோ?"

இஞ்சி தட்டும் சத்தம் நின்றது.

ரூபன் அலகுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். "றோட்டிலை ஒரு காரின்ர வெளிச்சம் வந்தது" என்றார். "பொலிசெண்டு நினைச்சு ஓடியிட்டம். அது பத்தைக்குள்ளை கிடந்து கத்தினது கேட்டது. திரும்பிப் போவமெண்டு அண்ணை சொன்னவர். நான்தான் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனான். என்ர கேசுக்குப் பயத்திலை. வீட்டுக்கு வருமட்டும் காருக்குள்ளை அழுதுகொண்டு வந்தவர்."

அம்மா கையைச் சேலையில் துடைத்தபடி மேசைக்கு வந்தார். அலகுகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ரூபன், வில்லு எங்கை?"

"காருக்கை, அம்மா."

"கொண்டுவந்து வை."

"அம்மா, நான் சும்மா..."

"என்ர பிள்ளை செய்தது காணும். நீ செய்யவேண்டாம். உன்ர தாய் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறா. போ, கொண்டுவா."

அவர் எழுந்து போனார். வாசற்கதவு திறந்தபடி கிடந்தது. கார் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கனநேரம் ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்தார், அண்ணை. பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். அம்பு உறையையும் வைத்தார். தேத்தண்ணி குடித்தார். போகும்போது, "பிள்ளை, நீ படிச்சதெல்லாம் பெரிய ஆபத்து" என்றார். அது கோபமா பகிடியா என்று இன்னும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மா அவருக்குத் தொலைபேசி எடுத்து, இனி ஞாயிறுகளில் வந்து சாப்பிடச் சொன்னார். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வில்லையும் அந்த மூன்று அலகுப் பெட்டியையும் கனடாவுக்கு மச்சானிடம் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன். அங்கே அதற்கு அனுமதி உண்டு. காத்திருக்க நேரமும் உண்டு. விரியும் அலகுகளை அனுப்பவில்லை. அவற்றைப் பிளாஸ்டர் ஒட்டிச் சுற்றி கவுன்சில் குப்பைக் கிடங்கில் கொடுத்துவிட்டேன்.

அம்மாவைப் பற்றித்தான் சொல்ல முடியாமல் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை பூ வைத்தார். எறும்பு பற்றிய அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, அந்த மான் எவ்வளவு நேரம் கிடந்திருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். வயிற்றில் பட்டால் எத்தனை மணித்தியாலம் என்று நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். அன்று நீங்கள் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றதன் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது.

"கனநேரம் இராதம்மா" என்றேன்.

நீங்கள் எனக்குக் கனடா என்று சொன்னதுபோலத்தான் நானும் சொன்னேன். அம்மா தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். திரும்பவும் கேட்பார். கேட்கும்போது உண்மையைச் சொல்லுவேன், அண்ணை. திரும்பிப் போகவேண்டும் என்று சொன்னவர் நீங்கள்தான் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுவேன். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்போதும் உங்களுக்காக வாசித்துக்கொண்டிருக்கும்,
உங்கள் கடைக்குட்டித் தங்கச்சி
கோலியர்ஸ் வுட், லண்டன்
ஒக்டோபர் 2009