சுண்டு செய்த கூடை

அனுப்புநர்:
கூடை பின்னும் தொழிலாளி,
மகளிர் கைவினைக் குழு உறுப்பினர் (தற்போது நிறுத்தி வைக்கப்பட்டவர்),
பணிக்கூடத்தின் பின்புறத்து வீடு.

பெறுநர்:
உயர்திரு மண்டல அதிகாரி அவர்கள்,
நியாய வணிகச் சான்றிதழ் அலுவலகம்.

பொருள்: ஆய்வின்போது எடுத்துச் செல்லப்பட்ட சிறிய பிரம்புக்கூடை ஒன்றைத் திரும்பத் தருவதும், என்னை மீண்டும் வேலையில் சேர்ப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

மனு எழுதித் தருபவரிடம் முதலில் போனேன். கூடை விஷயத்தை விட்டுவிட்டு வேலையை மட்டும் கேளுங்கள், அதிகாரிகளுக்கு நேரம் இருக்காது என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். கூடையை விட்டுவிட்டு எழுத என்னால் முடியாததால் நானே எழுதுகிறேன். பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்ற எழுத்து. பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் கணவர் மூட்டை தூக்கும்போது விழுந்து முதுகு போனதிலிருந்து வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். அவர், என் மாமியார், கணவரை இழந்து வந்த நாத்தனார், அவள் கைக்குழந்தை, என் பிள்ளைகள் ஐந்து பேர், எல்லோரும் என் கையை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆறு பேர் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். தாளில் தெரியும் அந்த அடித்தலுக்கு மன்னிக்கவும்.

2. குழந்தைகளை வேலை வாங்கக் கூடாது என்ற தங்கள் விதியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னைச் சிறு வயதிலேயே பிரம்பு சீவ உட்கார வைத்துவிட்டார்கள். அந்த விதி அப்போது இருந்திருந்தால் நானும் பள்ளிக்கூடம் போயிருப்பேன். என் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள்.

3. என் நான்காவது பெண்ணை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவோம். பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு, பணிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவாள். அவளிடம் நான் வேலை எதுவும் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் அதைப் பிரித்து மறுபடி பின்னும் வேலை எனக்குத்தான் வந்திருக்கும். ஒருநாள், வெட்டிப்போட்ட துண்டுப் பிரம்புகளைப் பொறுக்கி அவளாகவே ஒரு சின்னக் கூடை செய்தாள். வாய் ஒரு பக்கம் கோணல். அடி தட்டையாக இல்லாததால் தரையில் நிற்காது. அதனால் நான் உட்காரும் இடத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினாள். “இது உன் கண்ணாடிக்கு வீடு. இனிமே காணோம் காணோம்னு என்னைத் தேட விடாத” என்று உத்தரவும் போட்டாள். அன்றிலிருந்து என் மூக்குக்கண்ணாடி அதில்தான் இருந்தது.

4. மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மருத்துவமனையில் சேர்த்த மறுநாளே போய்விட்டாள். இதற்கு மேல் இந்தப் பத்தியில் எழுத என்னால் ஆகவில்லை ஐயா.

5. அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரும் என்னிடம் பேசுவதில்லை. நான் ஆரம்பித்தாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் மனம் நோகக் கூடாது என்றுதான். இந்த நிலையில் தங்கள் அலுவலகத்து ஆய்வாளர் அம்மா பணிக்கூடத்துக்கு வந்தார். கூடையை அண்ணாந்து பார்த்து, “இது யார் செஞ்சது?” என்று கேட்டார். அவளைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில் என் மகள் என்றேன். வயது கேட்டார், ஒன்பது என்றேன். தினமும் இங்கே வருவாளா என்றார், என்னை விட்டு நகரவே மாட்டாள் என்றேன். நன்றாகப் பின்னுவாள் என்று கேட்காமலே ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். இறந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவள் இருந்தாள் ஐயா. ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு, கூடையைச் சாட்சியாக எடுத்துப் போனார். குழந்தையை வேலை வாங்கியதாகச் சொல்லி என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

6. தங்கள் அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழைக் காட்டினேன். குழந்தை இப்போது இல்லை என்பதற்குத்தான் அது சாட்சி, அப்போது வேலை செய்யவில்லை என்பதற்கு அல்ல என்று எழுத்தர் சொன்னார். அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. விஷயம் தெரிந்து ஆய்வாளர் அம்மா வீடு தேடி வந்தார். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தன் அறிக்கையை மாற்ற முடியாது என்றும், ஒரு வழி உண்டு என்றும் சொல்லி ஒரு விளக்கப் படிவம் தந்தார். ‘மேற்படி கூடையை நானே செய்தேன். எந்தக் குழந்தையும் செய்யவில்லை’ என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேலையும் கூடையும் சேர்ந்தே வருமாம்.

7. போட்டுவிடலாம் என்று பலமுறை பேனாவை எடுத்தேன். மாமியார் தன் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார். கேட்டால் முழுசாகப் போட்டால் தலை சுற்றுகிறது என்கிறார். எனக்குத் தெரியாதா ஐயா? குழுத் தலைவியும், “ஒரு கையெழுத்துதானேக்கா, போட்டுத் தொலைங்க. சுண்டு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா” என்கிறார். அவருக்கு அவளைத் தெரியாது. தான் செய்ததை அக்கா செய்தாள் என்று யாராவது சொல்லிவிட்டாலே அன்று முழுக்கச் சாப்பிட மாட்டாள்.

8. பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கென்று எதுவும் தங்குவதில்லை. அவள் சட்டை தங்கைக்கு வந்துவிட்டது. புத்தகம் தம்பிக்கு. பாயில் அவள் இடத்தில் கைக்குழந்தை படுக்கிறது. அவளே செய்தது என்று சொல்ல இந்த உலகத்தில் இருப்பது அந்தக் கோணல் கூடை ஒன்றுதான். அதையும் நான் செய்ததாக என் கையாலேயே எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, கூடையைத் தாங்களே ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். விற்பதற்குச் செய்ததா, விளையாட்டுக்குச் செய்ததா என்பது பார்த்தாலே தெரியும். சுண்டு செய்தாள், விளையாட்டுக்குச் செய்தாள் என்று பதிவு செய்து, என்னை வேலையில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு விதி இடம் தராவிட்டால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாவது இவர்களைக் காப்பாற்றிக்கொள்வேன். கூடையையாவது அவள் பெயரிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தங்கள் முடிவு வரும்வரை ஒரு சிறிய உதவி. அது மேசையில் நிற்காது, உருண்டு விழும். அலுவலகச் சுவரில் ஆணி ஏதாவது இருந்தால் அதில் மாட்டி வைக்கச் சொல்லுங்கள்.

இணைப்பு: கையெழுத்திடாத விளக்கப் படிவம், இறப்புச் சான்றிதழ் நகல்.

நாள்: பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை
இடம்: வீடு

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சுண்டுவின் அம்மா