குரலுக்கு மதிப்பெண் போடுகிறவள்

மார்ச் 4

வார்டு வேலையை விட்டுவிட்டு இந்த ஆராய்ச்சிக்கு வந்து எட்டு மாதம். நர்ஸ் புத்தி இன்னும் போகவில்லை. எதிரே இருப்பவர் அழுதால் நாக்கு நுனியில் ஆறுதல் வந்து நிற்கிறது. தண்ணீர் கொடுக்கலாம். அறிவுரை சொல்லக் கூடாது. கேட்க வேண்டும், மதிப்பெண் போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி என்னதான் சோதிக்கிறீர்கள் என்று கணவர் மறுபடி கேட்டார். சொன்னேன். யாருக்கும் கேட்காத குரல் கேட்கத் தொடங்கி, இல்லாததை எண்ணிப் பயப்படத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள் எண்பது பேர். மருந்தும் டாக்டரும் எல்லோருக்கும் உண்டு. குலுக்கல் முறையில் பாதிப் பேரை மட்டும் வாரம் ஒரு மணி நேரம் மேல்மாடிக்கு அனுப்பி, சிகிச்சையாளரோடு பேச வைக்கிறார்கள். அந்தப் பேச்சால் பலன் உண்டா? அதுதான் கேள்வி. யார் மேலே போகிறார்கள் என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை சாயும்.

"அப்போ உனக்கு வாயும் கட்டு, கண்ணும் கட்டு," என்றார். சிகிச்சையாளர் படியில் இறங்கி வந்தால் நான் நோட்டீஸ் போர்டைப் படிக்கிறேன். தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்பது எனக்கு மனப்பாடம்.

மார்ச் 11

எண் எழுபத்தாறு. எனக்குள் லென்ஸ்காரி என்று வைத்துக்கொண்டேன். இருபத்து நாலு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். ஐந்து மாதமாகக் கடைப் பக்கம் போகவில்லை. கடைக்குப் போனால் உன் அண்ணன் ஓட்டுகிற பஸ் கவிழும் என்று ஓர் ஆண் குரல் சொல்கிறது.

அண்ணன்தான் யூனிஃபார்மோடு கூட்டி வந்தார். அம்மா அப்பா இல்லை, வீட்டில் இவர்கள் இருவர்தான். பஸ் நல்லபடியாக ஓடுகிறதா என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை போன் செய்கிறாளாம். ஓட்டும்போது அவர் எடுக்க முடியாது, கண்டக்டர் எடுத்து "ஓடுது பாப்பா" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழிக்கிறார்.

எத்தனை முறை கேட்கிறது: நாலுக்கு நாலு. எவ்வளவு வேதனை: நாலுக்கு நாலு.

மே 13

லென்ஸ்காரி இரண்டாம் முறை. மாற்றமில்லை. கிளம்பும்போது அண்ணன், "மேடம், அந்த மேல்மாடி விஷயம்..." என்று ஆரம்பித்தார். அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்து, "அண்ணா, சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்," என்றாள். வாயை மூடிக்கொண்டார். கிடைத்ததற்கு நன்றி சொல்ல வந்தாரா, கிடைக்கவில்லை என்று குறைப்பட வந்தாரா? தெரியவில்லை. தெரியாதது நல்லது.

மே 14

யோசிக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 9

லென்ஸ்காரி மூன்றாம் முறை. என்னத்தைச் சொல்ல. மோசம். கண் இரண்டும் குழி விழுந்திருக்கிறது. முன்பு ஒரு குரல், இப்போது இரண்டு. ஒன்று திட்டுகிறது, இன்னொன்று சிரிக்கிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை.

அவளை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். மதிப்பெண் மோசமாக வந்தால் தங்கையை ஆராய்ச்சியிலிருந்து கழற்றிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று கெஞ்சினார். ஆறடி ஆள், தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு. அப்படி யாரையும் கழற்ற மாட்டோம் என்றேன். நம்பினாரா, தெரியாது.

கதவு திறந்திருந்தது போல. உள்ளே போனதும் அவளே சொன்னாள். "நல்லாயிடுச்சுன்னு எழுதிடாதீங்க அக்கா. என் கணக்கைப் பாத்துத்தானே நாளைக்கு இன்னொருத்தருக்கு வைத்தியம் சொல்வாங்க? நான் பொய் சொன்னா அவங்க ஏமாந்துடுவாங்க."

ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். நடுவில் நாலு தடவை நிறுத்தி, குரல்கள் அடங்கட்டும் என்று காத்திருந்து, மறுபடி சொன்னாள். எல்லாம் நாலு. ஒன்றுகூட மூன்று இல்லை.

இருபது வருடம் வார்டில் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். இது வேறு.

இப்படி வந்தால் டாக்டரிடம் சொல்ல எனக்கு அனுமதி உண்டு. கையோடு கூட்டிப்போய் உட்கார வைத்தேன். மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

ஜூலை 12

அவள் தூங்குகிறாள் என்று டாக்டர் தகவல் அனுப்பினார்.

செப்டம்பர் 16

தனியாக வந்தாள்! ஆச்சரியக்குறி போட எனக்கு உரிமையில்லை, ஆனாலும் போட்டுவிட்டேன்.

எத்தனை முறை: மூன்று. வேதனை: இரண்டு. இது எப்படி என்று இரண்டு தடவை கேட்டேன். அது பாட்டுக்குப் பேசுகிறது, நான் பாட்டுக்கு இருக்கிறேன் என்றாள். இரண்டாவது குரல் போய்விட்டதாம். வாரம் ஒரு நாள் கடைக்குப் போகிறாள்.

டிசம்பர் 2

லென்ஸ்காரிக்குக் கடைசி மதிப்பீடு. வாரம் நாலு நாள் வேலை. குரல் இன்னும் மூன்று. வேதனை ஒன்று.

கடைசித் தாளில் நான் ஓர் ஊகம் எழுத வேண்டும். இவர் மேல்மாடிக்குப் போனவரா, போகாதவரா? ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு பலித்திருந்தால் குரல் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லையே. "போகாதவர்" என்று எழுதினேன். மருந்தும் அவள் மனத்திடமும்தான் காரணம்.

பிப்ரவரி 17

பட்டியலைத் திறந்தார்கள். எண் எழுபத்தாறு, மேல்மாடிக்குப் போனவள்.

எண்பது ஊகத்தில் முப்பத்தொன்பதுதான் சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட இதே அளவு வந்திருக்கும். தலைமை ஆய்வாளருக்கு வாயெல்லாம் பல். நான் எதையும் மோப்பம் பிடிக்கவில்லை என்பதற்கு அது சாட்சியாம்.

முடிவு: குரல் கேட்கும் அளவு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வேதனை, மேலே போனவர்களுக்குக் குறைவு. வேலைக்குத் திரும்பியவர்களும் அந்தப் பக்கம் சற்று அதிகம். மலையளவு இல்லை. ஆனால் இருக்கிறது.

சிகிச்சையாளர் முதல்முறையாக என் மேசைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். நோட்டீஸ் போர்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார்.

மார்ச் 3

பங்கேற்றவர்களுக்கு முடிவுகளைச் சொல்லும் கூட்டம். அது முடிந்ததும் லென்ஸ்காரி என்னைத் தேடி வந்தாள். இனிமேல் சொல்லலாமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் உட்கார்ந்தாள்.

மேலே போனதும் குரல் பொய் என்று சொல்லி மடக்குவார்கள் என்று நினைத்திருந்தாளாம். சிகிச்சையாளர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, அது சொல்வது நடக்குமா நடக்காதா என்று எப்படிப் பார்க்கலாம், உனக்கு என்ன தோன்றுகிறது என்றார். யோசனை அவளுடையதுதான். கடை வாசலில் பத்து நிமிஷம் நிற்பது. அண்ணனுக்கு முன்கூட்டிச் சொல்லாமல்.

"எப்போ நின்னே?" என்றேன்.

"ஜூலை ஆறு."

நான் எல்லாவற்றுக்கும் நாலு போட்ட அதே வாரம். அவள் போய் நின்றதால் குரலுக்கு வெறி பிடித்து, இரண்டாகி, மூன்று நாள் தூங்க விடாமல் செய்திருக்கிறது. அதைத்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் என் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறாள். ஏதோ முறிந்துபோயிற்று என்றல்லவா நினைத்தேன்.

"பஸ் கவிழலை அக்கா. அது ராத்திரி முழுக்கக் கத்துச்சு, ஆனா பஸ் கவிழலை. அடுத்த வாரம் இருபது நிமிஷம் நின்னேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தலை லேசாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். பழக்க தோஷத்தில், குரல் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டேன்.

"இந்த அக்காகிட்ட இதையெல்லாம் சொல்லாதேங்குது," என்றாள். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.