நடந்தால் நம்ப மாட்டார்கள்

ஜூன் 9, திங்கள்

புழுக்கம். விடியும் முன்பே முதுகெல்லாம் வியர்வை.

எழுந்தது 4.50. கட்டிலிலிருந்து தரைக்கு வர இருபது நிமிடம். முதுகு பலகை. குனிந்து பார்த்தால் கை முட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. மெரினாவுக்குப் போய் முக்கால் மணி நேரம் நடந்தபின் கணுக்கால் வரை எட்டியது. இந்த ஏ.எஸ். சனியனின் குணமே இதுதான். முதுகெலும்பு வாதம், பெயர் நீளம். படுத்தால் இறுகும், நடந்தால் இளகும். டாக்டர் சொன்னது: "சமமான தரையில எவ்வளவு வேணா நடங்கம்மா. படி மட்டும் வேணாம், இடுப்பு தேய ஆரம்பிச்சிருக்கு."

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் கோபாலபுரத்தில். என் 10-பி மூன்றாம் மாடியில். அறுபத்தாறு படி. இன்று நான்கு தடவை.

செய்ய வேண்டியவை:
எச்.எம்.மிடம் மனு
மருத்துவச் சான்று ஜெராக்ஸ்
தோசை மாவு
சேகர் சட்டைக்குப் பட்டன் (வீட்டுக்காரருக்கும் இரண்டு கை இருக்கிறது. பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.)

மனு கொடுத்தாயிற்று. கீழே ஒரு அறை காலியாக இருக்கிறது, 10-பி-யை அங்கே மாற்றுங்கள் என்று. தலைமையாசிரியை அம்மா கெட்டவர் இல்லை. "பார்க்கலாம் டீச்சர். அது முடியலன்னா நீங்க ஆறாம் வகுப்புக்கு வந்துடுங்க, அது கீழதானே இருக்கு."

பத்தாம் வகுப்பை விடுவதா? பத்தொன்பது வருடமாகப் பத்தாம் வகுப்புக் கணக்கு. கணக்கென்றாலே அழுகிற பிள்ளைகளைத் தேற்றி அனுப்புவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை. விட மாட்டேன்.

ஜூன் 11, புதன்

நல்ல நாள். காற்று. கலங்கரை விளக்கத்திலிருந்து காந்தி சிலை வரை போய்த் திரும்பினேன், நிற்காமல்.

கடற்கரைச் சாலை பெருக்கும் கஸ்தூரி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "இன்னாம்மா, இன்னிக்கு எக்ஸ்பிரஸ் கணக்கா போய்க்கினு கீற?" என்றாள். என் சங்கதி எல்லாம் அவளுக்குத் தெரியும். மனு கொடுத்ததைச் சொன்னேன். "குடுப்பாங்க, குடுப்பாங்க. எனக்கும் முட்டி தேஞ்சுதான் கீது. வீடு ஊருக்கு வெளிய அஞ்சாவது மாடி. நான் யாராண்ட மனு குடுக்கிறது?" சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரும் வழியில் தமிழ் டீச்சர் விமலா. சாந்தோம்காரி, பால் வாங்க வந்திருந்தாள். "டீச்சர், ஒரு நிமிஷம், அப்படியே நடங்க" என்று செல்போனை நீட்டினாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நடந்தேன். புத்தி எங்கே போயிற்று?

எட்டு மணிக்கு ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம். "வலியை வென்று தினமும் மெரினாவில் நடக்கும் நம் சுமதி டீச்சர்!" கீழே பூ, கைதட்டல், நெருப்பு. எச்.எம்.மும் ஒரு கட்டை விரல்.

ஜூன் 12, வியாழன்

எச்.எம். கூப்பிட்டார். மேசையில் என் மனு, பக்கத்தில் செல்போன்.

"படம் பார்த்தேன் டீச்சர். ரொம்ப சந்தோஷம். ஆனா மேனேஜ்மென்ட்ல கரஸ்பாண்டன்ட் கேட்டா நான் என்ன சொல்றது? பீச்ல இவ்வளவு தூரம் நடக்கிறவங்களுக்கு மூணு மாடி ஏற முடியாதான்னு கேட்பாரே?"

விளக்கினேன். சமதளம் வேறு, படி வேறு. ஓய்வு எடுத்தால்தான் வலி அதிகமாகும். நானே கேட்டேன் என் குரலை. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தது. அவர் பொறுமையாகத் தலையாட்டினார். நம்பவில்லை.

விமலா வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். "நீங்க எங்களுக்கெல்லாம் பெரிய இன்ஸ்பிரேஷன் டீச்சர்." நன்றி என்றேன். கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. பாவம், நல்ல மனசு.

இரவு சாப்பாட்டில் சேகர்: "கொஞ்ச நாளைக்கு வாக்கிங்கை நிறுத்திடேன் சுமி. முடிவு வர்ற வரைக்கும்."

"நிறுத்தினா முடங்கிடுவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். முடங்கினாத்தானே அவங்களுக்கு நம்பிக்கை வரும்?"

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கோபம் அவர் சொன்னதில் இல்லை. அவர் சொல்வதற்கு முன்பே நானும் அதை நினைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

நடக்கவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தே கிடந்தேன். குற்ற உணர்ச்சி. கூடவே, சொல்லக் கூடாது, சுகம்.

மாலை விலாவில் பிடிப்பு. தும்ம பயம்.

ஜூன் 14, சனி

நடக்கவில்லை.

பாண்டி பஜார். அந்தப் பக்கம் போனாலே கூட்டம். ஒரு கைத்தடி வாங்கினேன். கடைக்காரர், "வீட்ல பெரியவங்களுக்காம்மா? உயரம் எவ்வளவு?" என் உயரம்தான் என்றேன். அளந்து கொடுத்தார். நாற்பத்தாறு வயதில் பெரியவங்க.

இரவு மாத்திரை இரண்டு. எழுதக் கை வரவில்லை, தோளும் சேர்ந்துகொண்டது.

ஜூன் 15, ஞாயிறு

நடக்கவில்லை. பாத்ரூமுக்குச் சேகர் கையைப் பிடித்துப் போனேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "போதும், நாளைலேர்ந்து நட. அவங்க தந்தா தரட்டும், தராட்டி போகட்டும்" என்கிறார். மூன்று நாள் வலியை வீணாக்குவதா? இன்னும் ஒரு நாள்.

கணக்கு வாத்தியார் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது. வெட்கம்.

ஜூன் 16, திங்கள்

தடியோடு போனேன். நடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் எழும்பவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். ஒருத்தி, "மிஸ், பையைக் குடுங்க மிஸ்" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது பார்த்து எச்.எம். மேலேயிருந்து இறங்கினார்.

"ஐயையோ, உட்காருங்க, உட்காருங்க. என்ன டீச்சர் இப்படி ஆயிட்டீங்க?" நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது. என் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இப்பத்தான் எனக்குப் புரியுது. அந்தப் படத்தைப் பார்த்து நான் தப்பா நினைச்சுட்டேன்."

புதன் முதல் 10-பி கீழே. அங்கேயே சொல்லிவிட்டார்.

ஜெயித்துவிட்டேன். ஆட்டோவில் மந்தைவெளி வீடு வரும்வரை அழுதேன்.

ஜூன் 18, புதன்

மழை வரும் போல் இருட்டிவிட்டுப் போய்விட்டது.

கீழ்த்தளம். ஜன்னலில் வேப்பமரம். பிள்ளைகளுக்குக் குஷி, கேன்டீன் பக்கத்தில். ஒரு படிகூட ஏறவில்லை. ஆனால் கரும்பலகைக்குக் கை உயரவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன், ஒரு பெண் எழுதினாள்.

மாலை டாக்டர். "நடையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார். பத்து நிமிடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பழைய நிலைக்கு வர எத்தனை நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாதாம்.

ஜூன் 21, சனி

பத்து நிமிடம். சேகர் பக்கத்திலேயே, நான் ஏதோ விழப்போகிற அலமாரி மாதிரி. திட்டி வீட்டுக்கு அனுப்பினேன்.

கஸ்தூரி: "எங்கம்மா ஆளையே காணோம்? ஊருக்குப் போய்ட்டியா?" ஆமாம் என்றேன். கீழ்த்தளம் கிடைத்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 25, புதன்

இருபத்தைந்து நிமிடம். கை முட்டிக்குக் கீழே போகிறது. பெரிய சாதனை. விமலாவைத் தூரத்தில் பார்த்ததும் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் போகும்வரை. என்ன பிழைப்பு இது?

ஜூன் 29, ஞாயிறு

கடலில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. நாற்பது நிமிடம். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக உடம்பு என்னுடையது போல இருந்தது. இடுப்பு சுழல்கிறது. கை வீசி நடந்தேன். வலி? தேடிப் பார்த்தேன். இல்லை. சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போல, எதிரே வந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

அப்போது எச்.எம். காரிலிருந்து இறங்கினார். கணவர், பேத்தி எல்லோரும். இருபதடிகூட இருக்காது. இன்னும் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். அல்லது நேராகப் போய், "பாருங்க மேடம், நல்லா நடக்கிறேன், இதுதான் என் மருந்து" என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்தபின் இப்போது எல்லாம் தோன்றுகிறது.

அவர் தலை நிமிர்ந்தது. நான் நொண்டினேன்.

யோசிக்கவே இல்லை. கால் தானாக இழுத்தது, கை இடுப்பைப் பிடித்தது, முகம்கூடச் சுருங்கியது. எச்.எம். பதறி ஓடிவந்தார். "எதுக்கு டீச்சர் இந்த உடம்போட வந்தீங்க? பார்த்துப் போங்க." தோளைத் தட்டிக் கொடுத்தார். அவர்கள் மணலில் இறங்கி மறையும்வரை நொண்டிக்கொண்டே போனேன்.

கஸ்தூரி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னாச்சும்மா? இப்போதானே நல்லா நடந்துக்கினு வந்த? எங்க வலிக்குது, சொல்லு."

எங்கும் வலிக்கவில்லை.